காற்று வளையம்

நவம்பர் 3, ஞாயிறு

குளியலறையில் இன்றைக்கும் அந்த வாசம். பேரிக்காயும் ஏலக்காயும். உள்ளே உடுப்புக் காயப்போடும்போதுதான் வருகிறது. ஈரம் கூரையில் பிடித்ததும், மேலே இருக்கிற காற்றுப்போக்கியின் சல்லடைக்குள்ளிருந்து மெல்ல இறங்கி வருகிறது. என் மனுசன் வினோதன் அதற்கு நேர் கீழேதான் நிற்பார். வீட்டுக்குள் புகை விடக்கூடாது என்பது என் சட்டம். "புகையில்ல பவா, இது ஆவி" என்பது அவருடைய வாதம். வழக்கு மாதக்கணக்கில் இழுபட்டு, குளியலறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, காற்றுப்போக்கிக்குக் கீழே என்று தீர்ப்பானது.

தக்ஷிகாவிடம் சொன்னேன். "அது வென்டிலேஷன் அம்மா. ஃபில்டருக்குள்ள ஒட்டிப்போய் இருக்கு, ஈரம் பட்டா மணக்கும்." மகள் மருந்துக் கடையில் தொழில் பழகுகிறாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருக்கிறாள். சரி, ஃபில்டர்தான். ஆனால் அவள் வீட்டில் நிற்கும்போது ஒருநாளும் வருவதில்லையே, அது ஏன்?

வருகிற தையோடு அவர் போய் ஒரு வருடம். வாசத்துக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போல.

நவம்பர் 9, சனி

சுவிஸின் அந்தப் பக்கம், நொஷாட்டலில் இருந்து பெரியத்தான் ஃபோன் எடுத்தார். இவருடைய தமையன், சிவானந்தராசா. ஆண்டுத் திவசம் பற்றித்தான். திதி வியாழக்கிழமை வருகிறது, அன்றைக்குக் கோயிலில் பூசை. வீட்டுப் படையலைச் சனிக்கிழமைக்கு வைப்போம், எல்லாருக்கும் வேலைதானே என்றார். சரி என்றேன். இறால், கணவாய், பொரித்த மீன் என்று தம்பிக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தவர் கடைசியில், "சிகரட் நான் கொண்டுவாறன் புள்ள. ஊர்ச் சிகரட். ஒருத்தர் போய் வந்திருக்கார்" என்றார்.

வேண்டாம் என்று வாய் திறந்தேன்.

"முப்பத்தொண்டில நீயும் கண்டாய்தானே" என்றார்.

கண்டேன். அதுதானே என் பிரச்சினை. முப்பத்தோராம் நாள் படைத்தபோது பெரியத்தான் ஒரு சிகரட்டைப் பற்றவைத்து வாழையிலையின் ஓரத்தில் வைத்தார். போனவர் வந்து சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். திறந்தபோது சோறு வைத்தபடி இருந்தது. சிகரட் மட்டும் அடிவரை எரிந்து, சாம்பல் உடையாமல் முழு நீளத்துக்கும் கிடந்தது. "பாத்தீங்களா, பத்திட்டான்" என்றார் பெரியத்தான். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு.

வினோதன் சிகரட்டை விட்டு ஆறு வருடம். தக்ஷிகாவின் தலையில் கை வைத்து எனக்குச் சொன்ன சொல். சிகரட் போன இடத்துக்குத்தான் அந்த ஆவி மெஷின், இ-சிகரட், வந்தது. ஆஸ்பத்திரியில் அந்த இளம் வைத்தியர் "புகைப்பவரா?" என்று கேட்டபோது நான் நிமிர்ந்து நின்று "இல்லை" என்றேன். உள்ளே அவருக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது, எனக்கு அதைச் சொல்வதில் ஒரு பெருமை. வைத்தியர் வேறும் ஏதோ கேட்டார். நினைவில்லை.

அந்த "இல்லை" மெய்யா பொய்யா? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். பெரியத்தான் வீட்டுக் கூட்டமெல்லாம் என்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்ததா? ஆறு வருடமாக நான் மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தேனா?

நவம்பர் 10

பற்றவைத்து வைத்த சிகரட் தானாகவே எரியும். தெரியும். தெரிந்தும் என்ன.

நவம்பர் 14, வியாழன்

கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்வார்ட் ஏணியோடு வந்து நின்றான். எல்லா வீட்டுக்கும் காற்றுப்போக்கியின் ஃபில்டர் மாற்றுகிறார்களாம், குறிப்புப் போட்டிருந்தார்களாம். நான் எங்கே அதையெல்லாம் பார்க்கிறேன். எங்கள் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். மண்ணிறம். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

"இந்த வீட்டில் புகைக்கிறார்கள்" என்றான். கேள்வியாகக்கூட இல்லை.

"நைன், இல்லை" என்றேன்.

தோளைக் குலுக்கினான். புகைக்கிற வீட்டு ஃபில்டர்தான் இந்த நிறத்துக்கு வரும் என்றான். வெள்ளை வெளேரென்று புதியதைப் போட்டுவிட்டு, பழையதைக் கறுப்புப் பைக்குள் அமுக்கி முடிந்தான். கேட்டு வாங்கியிருக்கலாம். அழுக்கு ஃபில்டரைக் கேட்டு வாங்குகிற பொம்பிளையைப் பற்றி என்ன நினைப்பான்? நினைத்தால்தான் என்ன? வாய் வரவில்லை.

அவன் போனபின் வேண்டுமென்றே சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கண்ணாடி முழுக்க மூடியது. சவர்க்கார வாசம் மட்டும்தான்.

நவம்பர் 15, வெள்ளி

இனி வீட்டில் அவருடையது என்று இருப்பது அந்தப் பைதான். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. இந்த வருடம் முழுக்க அலுமாரியின் அடித்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குக் கீழே கிடந்தது. அன்றைக்கு ஹோட்டல் குசினியில் விழுந்தபோது போட்டிருந்ததெல்லாம் உள்ளே இருக்கும் என்று தெரியும். இன்றைக்குத் திறந்தேன்.

ஏப்ரன். தொப்பி. சப்பாத்து, உள்ளே சுருட்டி வைத்த காலுறை. மெஷின், மேலே அந்தக் கண்ணாடி டாங்க் பூட்டியபடி.

ஒரு லைட்டர்.

மெஷினுக்கு நெருப்பு வேண்டாம். பற்றரியில் வேலை செய்கிற சாமானுக்கு லைட்டர் எதுக்கு?

மெஷினைத் தக்ஷிகாவின் ஃபோன் வயரில் குத்தினேன். கொஞ்ச நேரம் செத்துக் கிடந்துவிட்டு சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. பவர் 14 என்று காட்டியது. அவர் முப்பது, முப்பத்திரண்டில் வைத்து இழுக்கிற ஆள். அதில்தான் ஆவி நல்லாய் வருமென்று பெருமையடிப்பார். பதினாலில் ஏன் கிடக்கிறது? பாவிக்கவே இல்லையா? மெஷினைச் சும்மா பொக்கெற்றில் போட்டுக்கொண்டு, லைட்டரை வைத்து—

என்னட்ட சொல்லியிருக்கலாம். ஏலாமப் போயிற்று பவா எண்டு சொல்லியிருந்தா நான் என்ன, வீட்ட விட்டுத் துரத்தியிருப்பனா? பிள்ளையின்ர தலையில கை வச்சீங்களே.

நவம்பர் 17, ஞாயிறு

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் இந்த மெஷினுக்குள் மாட்டுப்பட்டேன்.

அவர் கடையில் ஆயத்தமாய் விற்கிற சுருளை வாங்குகிற ஆளில்லை. கம்பியைத் தானே சுற்றி, உள்ளே தானே பஞ்சு போட்டால்தான் திருப்தி. சாமான் பெரிய விஷயமில்லை: கண்ணாடிக்குள் திரவம், நடுவில் கம்பிச் சுருள், சுருளுக்குள்ளால் ஒரு பஞ்சுத் திரி. திரியின் இரண்டு நுனியும் திரவத்தை உறிஞ்சும், பொத்தானை அழுத்தினால் சுருள் சுடும், இழுத்தால் கீழே ஓட்டையால் காற்று வந்து ஆவியை வாய்க்குள் கொண்டுபோகும். ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம். திருகினால் காற்று கூடும், குறையும். கலியாண வீட்டில் பெண்ணுக்கு நகை பூட்டுகிற மாதிரி மேசையில் குனிந்திருந்து செய்வார்.

அன்றைக்குப் பஞ்சு முடிந்துவிட்டது. ஞாயிறு, எங்கள் துன் நகரம் முழுக்கக் கடை பூட்டு. மனுசன் சத்தமில்லாமல் சாமியறைக்குள் போய், விளக்குத் திரிப் பைக்கற்றை எடுத்து ஒன்றைப் போட்டுவிட்டார். அது கற்பூரம் ஏற்றின திரி. இழுத்தார், இரண்டு கண்ணும் வெளியே வந்தன. இருமி இருமி, "நெஞ்சுக்குள்ள பூசை நடக்குது பவா" என்றார். நான் நிலத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு, இங்கே கொண்டாருங்கள் என்று வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் விளக்குக்குத் திரி உருட்டுகிற கைதானே. தக்ஷிகா மருந்துக் கடையிலிருந்து வெளுக்காத பஞ்சு கொண்டுவந்து தந்தாள். அன்றிலிருந்து ஒரே பஞ்சில் விளக்குக்கும் திரி, இவருக்கும் திரி. சுருளுக்குள் விடும்போது பஞ்சு கொஞ்சம் பிடித்துக்கொண்டு வரவேண்டும், ஆனால் கம்பி அசையக்கூடாது. நுனியை நீளமாய் விட்டால் திரவம் ஏறாது. குறையாய் வெட்டினால் ஒழுகிக் காற்சட்டைப் பொக்கெற்றை நனைக்கும். நல்லாய் நனையாமல் பொத்தானை அழுத்தினால் கருகும். இடையில் அவர் ரேயோன் போட்டுப் பார்த்தார், சணல் போட்டார், உருக்கு வலையைச் சுருட்டிப் போட்டார். எல்லாம் சுற்றிவிட்டு, "உண்ட திரிதான் சரி" என்று வந்துசேர்ந்தார்.

போன வருடம் இலையுதிர்காலத்தில்தான் குறை சொல்லத் தொடங்கினார். "காத்து வருதில்ல பவா. இறுக்கிப் போட்டுட்டாய் போல." அடுத்த வெள்ளி மெல்லிசாய் உருட்டினேன். அப்போதும் அதே கதை. இன்னும் மெல்லிசு. அப்போதும் காற்று வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப உங்கட கையால உருட்டுங்க" என்றேன். மெஷினை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

இப்போது யோசிக்கிறேன்: சாட்டுச் சொன்னாரா? மெஷினில் குறை கண்டுபிடித்தால் சிகரட்டுக்குத் திரும்ப ஒரு நியாயம் கிடைக்குமென்றா?

நவம்பர் 23, சனி

ஸ்டேஷனில் கிருஷாந்தைக் கண்டு கோப்பி குடித்தோம். ஹோட்டல் குசினியில் இவரோடு வேலை செய்த பொடியன், இவர் விழுந்தபோது முதலில் ஓடிப்போய்த் தூக்கியவனும் அவன்தான். லைட்டரை மேசையில் வைத்தேன்.

சிரித்தான். "இது அண்ணையின்ர ஃபொண்டூ லைட்டர் அக்கா. மேசைக்குப் போற சீஸ் உருக்கிற அடுப்பு எல்லாத்துக்கும் அவர்தான் நெருப்பு வைக்கிறவர். வேற ஒருத்தரையும் விடமாட்டார்."

இவ்வளவுதானா? இவ்வளவுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கேட்டுவிடுவோம் என்று கேட்டேன்.

"சிகரட் பத்துறவரோ?"

"நான் காணேல்ல" என்றான். கரண்டியால் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான், சீனி போடாத கோப்பியை. "முந்தி நாங்க பின்பக்கம் ஆத்தடியில நிண்டு பத்தேக்க அண்ணையும் மெஷினோட வந்து நிப்பார். கடைசி மாசங்கள்ல வெளியில வாறேல்ல. சாமான் அறைக்குள்ளயே தனியக் குந்தியிருப்பார்."

தனிய. சாமான் அறைக்குள். என்ன செய்துகொண்டு?

கிருஷாந் பொய் சொல்லவில்லை. ஆனால் காணவில்லை என்பது இல்லை என்பது ஆகாதே.

நவம்பர் 30, சனி

கடைக்குப் போனேன். ஹாவுப்ட்காஸ தெருவில் இருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஆவிக் கடை. இவர் ஆறு வருடமாகப் போன கடை, நான் வாசலைக்கூட மிதித்ததில்லை. கழுத்துவரை பச்சை குத்திய ஒரு பெண் நின்றாள். மெஷினைப் பையிலிருந்து எடுத்ததும் என்னை அடையாளம் கண்டவள் போல, "ஹெர் வினோ!" என்று இவர் பெயரைச் சொன்னாள். செய்தி அவளுக்குத் தெரியாது. சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்து கட்டிப்பிடித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, பிறகு இவள் முன்னால் அழுகிறேனே என்று கோபம் வந்தது.

பதினாலைக் காட்டி ஏன் என்று கேட்டேன். டாங்க்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வளையம் மயிரிழைக்கு மட்டும் திறந்திருந்தது. காற்றை இப்படி இறுக்கினால் பவரும் குறைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சுருளை ஆற்றக் காற்றில்லாமல் பஞ்சு கருகிவிடும் என்றாள். ஆனால் இந்தத் தடித்த சுருளுக்குப் பதினாலு பற்றாது, ஆவி பேருக்குத்தான் வந்திருக்கும்.

"ஏன் அப்படி வைத்தார்?"

"சிகரட்டைத் தேடுகிற ஆட்கள் இப்படித்தான் வைப்பார்கள். சிகரட் மாதிரியே இறுக்கமாய், வாய்க்குள் மட்டும் இழுக்கலாம்."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது, அவள் அவசரமாகத் தொடர்ந்தாள். போன வருட இலையுதிர்காலத்தில் வந்தாராம். இழுக்கக் கனமாக இருக்கிறது, மனைவி திரியை இறுக்கிவிடுகிறாள் என்றாராம். அவள் சிரித்திருக்கிறாள். பஞ்சு இறுகினால் திரவம் வருவதுதான் குறையும். காற்று வருகிற வழியே வேறு, பஞ்சுக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி வளையத்தை முழுக்கத் திறந்து கொடுத்திருக்கிறாள். இழுத்துப் பார்த்துவிட்டு, இது இன்னும் மோசம், நிரப்ப முடியவில்லை என்றாராம். திறந்த வளையத்துக்கு நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும்தானே என்றாள்.

பஞ்சும் கம்பியும் ஒரு போத்தல் திரவமும் வாங்கினேன். பேரிக்காய், ஏலக்காய்.

சிகரட்டைத் தேடியிருக்கிறார். தேடினாரா, திரும்பிப் போனாரா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே. இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

சமைத்துவிட்டு மேசையைத் துடைத்துப் பத்திரிகை விரித்து உட்கார்ந்தேன். முதலில் பழைய திரியை வெளியே எடுக்க வேண்டும். நான் அவருக்குக் கடைசியாய் உருட்டிய திரி.

நூல் மாதிரி இருந்தது. ஒரு வருடம் காய்ந்து மண்ணிறமாகி— ஆனால் காய்ந்ததால் மெலியவில்லை, நான்தான் அவ்வளவு மெல்லிசாய் உருட்டியிருக்கிறேன். வாரா வாரம் குறைத்துக் குறைத்து. சுருளுக்குள் அது தொட்டுக்கொண்டுகூட இருக்கவில்லை, இழுத்ததும் கழன்று விழுந்தது.

புதுத் திரி போட்டேன். முதல் தரம் நுனியைக் கூட வெட்டி, மேசை முழுக்க ஒழுகியது. இரண்டாம் தரம் சரி. நல்லாய் நனையவிட்டு, வளையத்தைத் தொடாமல், முப்பதில் வைத்து வாழ்க்கையில் முதல்தடவையாக இழுத்தேன். தொண்டை கருகியது. கடைக்காரி சொன்னது சரி, அந்த இறுக்கத்துக்கு முப்பது ஆகாது. பதினாலுக்கு இறக்கி மறுபடி இழுத்தேன்.

காற்று வந்தது.

வளையம் மயிரிழைக்குத் திறந்தபடி, தடித்த திரியோடு, ஒருநாளும் புகை பிடிக்காத எனக்கு. தாராளமாய் வந்தது.

பிறகு வளையத்தை முழுக்கத் திறந்து இழுத்தேன். யன்னலைத் திறந்தது போல வந்தது. பஞ்சுக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. காற்று வருகிற வழி வேறு.

அப்படியென்றால் எது இறுகியிருந்தது?

டிசம்பர் 9, திங்கள்

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இன்றைக்குப் பன்னிரண்டாம் அறை அம்மா இன்னொரு தலையணை கேட்டா. ஏற்கெனவே இரண்டு. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். உடனே தாதியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், இருதயமாய் இருக்கும் பார்க்கச் சொல்லுங்கள் என்று. இந்த வேலைக்கு வந்த முதல் வருடமே சொல்லித்தருகிற பாடம்.

கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

போன வருசம் மார்கழியில என்ர தலகணியையும் எடுத்தவர். ஹீற்றர்ல மூக்கு அடைக்குது எண்டார். நான் சிரிச்சுப்போட்டுச் சோஃபாக் குசனை வச்சுக்கொண்டு படுத்தனான். சிரிச்சனான்.

டிசம்பர் 12, வியாழன்

நினைக்காமலே ஒவ்வொன்றாய் வருகிறது. கோட்டைக்கு ஏறுகிற படியில் பாதியில் நின்று மலையைப் படமெடுத்தது. எத்தனையோ வருடமாய்ப் பார்க்கிற மலை. மூன்றாம் மாடிக்கு வரும்போது இரண்டாம் மாடியில் நின்று ஃபோன் பார்ப்பது. சாமான் அறையில் தனியக் குந்தியிருந்தது. சிகரட்டுக்கு இல்லை. மூச்சுக்கு.

வைத்தியர் கேட்ட மற்றக் கேள்வியும் வந்துவிட்டது. இருதயம் நெடுநாளாய்க் களைத்துப்போயிருக்கிறது, வீட்டில் யாராவது ஏதும் கவனித்தீர்களா? அதற்கும் நான் "இல்லை" என்றுதான் சொன்னேன். அதே மூச்சில்.

அவர் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு வேண்டியது இதுதானே, கிடைத்துவிட்டது. சிகரட் பற்றவில்லை. நெஞ்சு நிறைய இழுக்க ஏலாமல் வளையத்தை இறுக்கி, வெறும் பதினாலில், பேருக்கு வருகிற ஆவியை, நூல் மாதிரித் திரியில் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் நின்றிருக்கிறார். திருட்டுச் சிகரட் என்று தெரிந்திருந்தால் நாலு நாள் திட்டித் தீர்த்திருப்பேன். இதை யாரைத் திட்டித் தீர்ப்பது?

அவருக்குத் தெரியாமலா இருந்தது? அல்லது நெஞ்சு என்று சொன்னால் பெரியத்தான் முதல் எல்லாரும் "மெஷின்தான் கொண்டுபோச்சு, சிகரட்டே நல்லம்" என்பார்கள் என்று மெஷின்மேல் பழியைப் போட்டுக்கொண்டாரா? காத்து வருதில்ல பவா. காத்து வருதில்ல. ஒரு மனுசன் வேற எப்பிடிச் சொல்லுறது? நான் பஞ்சைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை. தக்ஷிகாவுக்குச் சொல்லிவிட்டேன். திரி, வளையம், தலையணை எல்லாம். காரணம் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "அப்பா எனக்கிட்டக் கேட்டவர், லிஃப்ட் உள்ள வீடு ஒண்டு பாப்பமா எண்டு" என்றாள். "நான் வாடகை கூட எண்டு சொன்னன் அம்மா."

இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் கிடந்தோம். இந்தப் பிள்ளைக்கு நான் என்ன காரணம் சொல்ல.

ஜனவரி 4, சனி

பெரியத்தானுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்: சிகரட் வேண்டாம். அவர் விட்டது விட்டதுதான். படையலில் மெஷினை வைப்போம்.

"மெஷின் தானாப் பத்துமா புள்ள?" என்றார். கேலியாய்க் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். "சிகரட் எண்டா பத்தவச்சிட்டு வந்தாச் சரி, அவன் பாத்துக்குவான். இதுக்கு ஆர் பொத்தான் அமத்துற? மறுகா இழுக்கிறதுக்கும் ஒரு வாய் வேணுமே. கதவச் சாத்தினா உள்ளுக்கு ஆர் இரிக்கிற?"

மெஷின் தானாக மூச்சு விடாது. அதற்கு உயிரோடு இருக்கிற ஒரு நெஞ்சு வேண்டும்.

இதுவரை சரியாகப் பேசத் தெரியாத மனுசன் என்றுதான் அவரை நினைத்திருந்தேன்.

ஜனவரி 16, வியாழன்

திதி. கோயிலில் ஐயர் அவர் பெயரைச் சொன்னபோது இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தேன்.

ஜனவரி 18, சனி

எழுதி வைக்க வேண்டும், ஒழுங்காய்.

விடிய எழும்பிச் சமைத்தோம். சமையல் அடங்கியதும் புதுப் பஞ்சில் விளக்குக்கு உருட்டினேன், அவருக்கும் ஒன்று உருட்டினேன். இந்தமுறை மெலிக்கவில்லை, உள்ளபடி. வளையத்தை அவர் விட்ட இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. முழுக்கத் திறந்தேன். முப்பதில் வைத்தேன். இன்றைக்காவது நிறைய வரட்டும் என்று.

பெரியத்தான் தனியாகத்தான் வந்தார். கீழே மணி அடித்து நெடுநேரமாகியும் ஆளைக் காணவில்லை. தக்ஷிகா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் மாடியில நிண்டு ஃபோன் பாக்கிறார்" என்றாள். அடுப்பில் மீன் கிடந்தது. நான் காதில் வாங்கவில்லை. எழுதும்போதுதான் உறைக்கிறது.

இலை போட்டு, எல்லாம் படைத்து, விளக்கேற்றினோம். மெஷினை இலையின் வலப்பக்கம் வைத்தேன். பெரியத்தான் தன் சட்டைப் பொக்கெற்றைத் தொட்டார், உள்ளே பைக்கற் இருந்தது, ஆனால் எடுக்கவில்லை. "இப்ப என்ன செய்யிற?" என்றார்.

"நீங்க இழுங்க" என்றேன். "அவருக்காக ஒரு தரம். மறுகா கதவைச் சாத்துவம்."

தமையன் படையலுக்கு முன் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். மெஷினை இரண்டு கையாலும் எடுத்தார், திருநீறு வாங்குகிற மாதிரி. பொத்தான் எது என்று தக்ஷிகா காட்டிக் கொடுத்தாள். இழுத்தார். பாதியில் விட்டார். தோள் ஏறி இறங்க மறுபடி இழுத்தார். கொஞ்சம் ஆவி வந்து இலைக்கு மேலே நின்றது. பேரிக்காயும் ஏலக்காயும். அறைக்குள் அவர் வந்துவிட்டார், சத்தியமாய் வந்துவிட்டார்.

பெரியத்தான் மெஷினைத் திருப்பிப் பார்த்தார்.

"காத்து வருதில்ல புள்ள" என்றார். "இறுக்கிப் போட்டுட்டாய் போல."

யாரும் சொல்லிக்கொடுத்த சொல் இல்லை அது. தக்ஷிகா என் கையைப் பிடித்தாள், நகம் பதிய. நான் மெஷினை வாங்கி வளையத்தைப் பார்த்தேன். முழுக்கத் திறந்திருந்தது. யன்னல் மாதிரி.

"பெரியத்தான்" என்றேன். "எத்தின தலகணி வச்சுப் படுக்கிறீங்க?"

"என்ன கேள்வி இது, படையல் நேரத்தில?"

"சொல்லுங்க."

"மூண்டு" என்றார். "ஏன்? ஹீற்றர் சூட்டுக்கு மூக்கு அடைக்குது. அதுதான்."

கதவைச் சாத்தவில்லை. படையலைப் படைத்தபடி விட்டுவிட்டு, தக்ஷிகா அவசர எண்ணுக்கு அடித்தாள். பெரியத்தான் கத்தினார், தம்பியின் திவசத்தில் என்ன கூத்து என்று. நான் அதைவிடப் பெரிதாய்க் கத்தினேன். போன வருடம் கத்தியிருக்க வேண்டியதையும் சேர்த்து. கத்தி முடிய அவர் சட்டைப் பொக்கெற்றிலிருந்து பைக்கற்றை எடுத்து என் கையில் தந்துவிட்டுச் சோஃபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருடைய கால் வீங்கியிருந்ததைக் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. இலையில் எல்லாம் ஆறிக் கிடந்தது. மெஷினைத் துடைத்து அதற்குப் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

நொஷாட்டலுக்குப் போய் வந்தோம். இங்கே துன்னில் இருதயக் குழாயின் அடைப்பெடுத்தபின் பெரியத்தானை அங்கே ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். இருதயம் களைத்துத்தான் இருக்கிறது, ஆனால் மருந்துக்குக் கேட்கிறதாம். கால் வீக்கம் வற்றிவிட்டது. ஒரு தலையணையோடு கிடந்தார்.

வைத்தியர் பிரெஞ்சில் இரண்டு கேள்வி கேட்டாராம். புகைப்பவரா என்றதற்கு, போன மாதம்வரை என்றாராம். உங்களுக்கு மூச்சில் குறை என்று முதலில் கவனித்தது யார் என்றதற்கு, என் தம்பி என்றாராம். வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டு, தம்பியோடும் ஒருதரம் பேச வேண்டும், நம்பரைத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உண்ட நம்பரக் குடுத்திருக்கன் புள்ள" என்றார். "டொக்டர் ஃபோன் எடுத்தா நீ கதை."

கொண்டுபோன பேரிக்காயில் ஒன்றை நறுக்கிக் கொடுத்தேன். சாப்பிட்டார்.